மாப்பிள்ளைக்கு எந்தக் கையால் கொடுப்பது?

07.03.2011, திங்கள்

மேசை வந்து இறங்கிவிட்டது! நான் வரைந்த மேசை, சம்மாந்துறை அரிசி ஆலைக்குள், நாலு காலில் நிற்கிறது. அதில் பொருத்த வேண்டிய இயந்திரக் கை கொழும்பிலிருந்து நேற்றே வந்தது. யுத்தம் முடிந்து சோதனைச்சாவடிகள் போனபின் லொறி ஒரே மூச்சில் வருகிறது. ஆள் அரிசிப் பையின் வாயை ஒட்டி நீட்ட வேண்டும், கை வாங்கிப் பெட்டியில் அடுக்கும். ஆள் பட்டால் உடனே நின்றுவிடும், பயமில்லை.

நானே உட்கார்ந்து இருபது பை கொடுத்துப் பார்த்தேன். முதுகு, தோள், ஒன்றும் நோகவில்லை. அம்ஹா, நீ கெட்டிக்காரிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்!

08.03

மேசைக்கு றபீக்கா ராத்தாவைப் போட்டிருக்கிறார்கள், ஆலையில் எல்லோருக்கும் அக்கா. சுனாமியில் கணவர் மௌத்தானபின் இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர். இந்த மாதம் சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள். மெனேஜர் அப்துல் ஹமீட் சேர் சொன்னது.

இயந்திரக் கைக்கு அதற்குள் பெயரும் வைத்தாகிவிட்டது: மாப்பிள்ளை. "நீட்டிக்கிட்டு நிக்காரு, நாமதான் எடுத்துக் குடுக்கணும்" என்றார் ராத்தா. ஆலையே சிரித்தது.

10.03

ராத்தாவுக்கு இடுப்பு வலி. மாப்பிள்ளை சும்மா காத்து நிற்கிறார். அவர் உட்காரும் கதிரையை இரண்டு அங்குலம் உயர்த்தினேன்.

14.03

இறக்கினேன்.

15.03

வலி குறையவில்லை. "மேசையில பிழை இல்ல மிஸ். ஆள மாத்துவம்" என்கிறார் சேர்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. என் மேசையில் பிழை இல்லையாம்! சீ... என்ன மனம் இது? அந்த மனுசி புள்ளைகளோட எங்க போகும்?

வியாழன் வரை தவணை கேட்டேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு தந்தார்.

17.03, வியாழன்

அளவுநாடாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு ராத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இருப்பது இடப்பக்கம். ராத்தா பையை வலக்கையில் எடுத்து, இடுப்போடு முழுசாகத் திரும்பி, குறுக்கே நீட்டுகிறார். ஒவ்வொரு பைக்கும்!

"இடக்கையால குடுங்களன் ராத்தா, கிட்டத்தானே?"

பார்த்தாரே ஒரு பார்வை. "அரிசிய இடக்கையால குடுக்கிறதா? அதுவும் மாப்பிள்ளைக்கு?"

பகிடிதான், ஆனால் கை உண்மையிலேயே வரவில்லை. சின்ன வயதுப் பழக்கம்.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான் இடக்கைக்காரி. இந்த வரியையும் இடக்கையால்தான் எழுதுகிறேன். உம்மா எவ்வளவு ஏசியும் திருந்தாத கை. என் உடம்பில் பார்த்துவிட்டு ஊருக்கே மேசை போட்டிருக்கிறேன்!

"பிழை மேசையிலதான் சேர்" என்று போய்ச் சொன்னேன்.

19.03

மாப்பிள்ளையை வலப்பக்கம் மாற்றியாயிற்று. இன்று பின்னேரம் வரை ஒரு தடவைகூட ராத்தா இடுப்பைப் பிடிக்கவில்லை.

31.03

ராத்தாவுக்கு நிரந்தரக் கடிதம் கிடைத்தது! மூன்று தரம் என்னை வாசிக்கச் சொன்னார். இரண்டாவது மாப்பிள்ளையும் வரப்போகிறார், அதே மாதிரி மேசைதான் வேண்டுமாம் சேருக்கு.

பெருமையில் நானும் ஒருதரம் உட்கார்ந்தேன். மூன்றாவது பையில் இடுப்பு பிடித்தது. நாலாவது கைதவறிக் கீழே விழுந்து அரிசி சிந்தியது. ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கைய நீட்டு புள்ள. ஒனக்கெண்டு ஒரு மேச அளப்பம்."