சந்தனம் பூசிய அலகு

பிரமாதி வருஷம், மார்கழி 4, செவ்வாய்

சரவணமுத்து ஈரோட்டுக்குப் போய் மரம் சீவுகிற இழைப்புளிக்கு மூன்று அலகு வாங்கி வந்தான். காகித உறையில் குதிரைப் படம். அலகில் முகம் பார்க்கலாம், அத்தனை மினுக்கம். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். அவர் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது இன்றைக்குத்தான்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பேரை எழுதக் கை வரவில்லை. சரவணமுத்து அவருடைய தம்பி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினோரு வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவனைத்தான் வளர்த்தேன். இப்போது பட்டறை அவன் கையில். சோறும் அவன் கையில்.

இது அவருடைய அளவு நோட்டு. முன்பக்கமெல்லாம் அவர் எழுத்து. "பன்னைக் கட்டை நாலே கால் அடி, காடி அரை விரல்." நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படித்தவள். தப்பு இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்கழி 6, வியாழன்

குதிரைப் பட அலகு இரண்டாவது கட்டையிலேயே வளைந்துவிட்டது.

மார்கழி 9, ஞாயிறு

நெசவுக்கார வெங்கடாசலம் வந்து கட்டையை முற்றத்தில் போட்டார். தறியில் நூலை நெருக்குகிற பன்னை உட்காருவதற்கு அந்தக் கட்டையில் நீளமாகப் பள்ளம் எடுக்க வேண்டும். அதுதான் காடி. நம் பட்டறைக்கே அதில்தான் பேர்.

"ஏப்பா சரவணமுத்து, உங்கண்ணன் போட்ட காடியில பன்னை மணவறையில மாப்பிள்ளை உக்காந்த மாதிரி உக்காரும். இது என்னப்பா, சேத்துல எறங்குன எருமையாட்டம் நெளியுது?"

"அலகு சரியில்லீங்க."

"நம்ம கொல்லன் பச்சமுத்துகிட்ட அடிச்சு வாங்கறதுக்கென்ன? அவன் அலகு பொய் சொல்லாதே."

"அவன் பேர என்ற ஊட்டுல எடுக்காதீங்க. எங்கண்ணனக் கொன்னவன் அவன்."

வெங்கடாசலம் நான் நின்ற பக்கம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாய் இருந்தது. பேசவில்லை.

மார்கழி 12, புதன்

அலகு பார்த்து எடுப்பது எப்படி என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மினுக்கத்தைப் பார்க்காதே என்பார். பழைய அரத்தின் மூலையை அலகின் வாயில் வைத்து லேசாக இழுப்பார். என் கையிலும் கொடுத்து இழுக்கச் சொல்வார்.

"வழுக்குனா உடையும். கடிச்சா மழுங்கும். லேசாப் புடிச்சு விடோணும் புள்ள, பூனை நக்குன மாதிரி."

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. ஒருதரம் சேலத்துக்காரன் ஒருவன் கொண்டுவந்த ஆறு அலகில் நான் இரண்டை ஒதுக்கினேன். அவர் வேண்டுமென்றே அந்த இரண்டையும் பூட்டிப் பார்த்தார். ஒன்று மழுங்கியது, ஒன்று வாய் உதிர்ந்தது. அன்றைக்கெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கூட்டுல ரெண்டு ஆசாரிங்க."

அந்தக் கை இப்போது எதற்கு? சாம்பல் அள்ளத்தான்.

மார்கழி 17, திங்கள்

உச்சி வெயிலில்தான் கிணற்றுக்குப் போகிறேன். தாலி இழந்தவள் எதிரே வருவது நல்லதில்லை என்று வசந்தாமணி சொல்லவில்லை. என் கொழுந்தன் பெண்டாட்டி அப்படிச் சொல்கிறவள் இல்லை. நானாகத்தான் அந்த நேரத்துக்குப் போகிறேன்.

இன்றைக்கு அங்கே பாவாயி. பச்சமுத்துவின் பெண்டாட்டி. என்னைப் பார்த்ததும் நிறைந்த குடத்தை அப்படியே கவிழ்த்தாள்.

"என்ன பாவாயி."

"என்னங்கறீங்க? உங்க கொழுந்தனாரு சொல்லிப்போட்டாரு, சுத்துப்பட்டு ஆசாரிங்க ஒருத்தரும் எங்ககிட்ட வாரதில்ல. ரெண்டு மாசமா ஒலையில நெருப்பில்ல. பொங்கல் முடிஞ்சா மேட்டூருக்குப் போறோம். மில்லுல கூலி வேலை. சுத்தி புடிச்ச கையி மூட்டை தூக்கப் போகுது. நல்லா இருங்க."

"நான் என்ன..."

"என்ற வாயக் கெளறாதீங்க கந்தக்கா. அந்த மனுசன் சொல்லக்கூடாதுன்னு என்ற தலையில கைய வெச்சுச் சத்தியம் வாங்கீருக்காரு. இல்லீன்னா இந்நேரம் ஊரே சிரிச்சிருக்கும்."

அப்படியானால் அவளுக்குத் தெரியும். பச்சமுத்து சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தொழிலே போகிறதே, ஏன் சொல்லவில்லை?

மார்கழி 18, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். காகிதத்துக்காவது சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் சண்டை தொடங்கியதும் சீமை அலகு வருவது நின்றுபோனது. அவருடைய காடி அலகு தேய்ந்து மொட்டையாகிவிட்டது. பச்சமுத்துவிடம் பழைய அரம் ஒன்றைக் கொடுத்து அலகு அடிக்கச் சொல்லியிருந்தார். ஆயுத பூஜை அன்று மத்தியானம் வரை வரவில்லை. எல்லா ஆயுதத்தையும் கழுவி வரிசையாக வைத்துவிட்டேன். காடி இழைப்புளி மட்டும் வாய் இல்லாமல். எனக்கு மனசு கேட்கவில்லை. சோறு போடுகிற ஆயுதம், அதற்கே பொட்டு இல்லையா? நானே உலைக்குப் போனேன்.

பச்சமுத்து அப்போதுதான் அலகைத் தண்ணீரில் தோய்த்து வைத்திருந்தார். உலையைக் கூட்டி, சுத்தியலுக்கும் பட்டடைக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது.

"அம்மிணி, இது தோய்ச்ச அலகு, அவ்வளவுதான். இன்னும் பதம் எறக்கல. மறுக்கா மெல்லச் சூடு காட்டி வைக்கோல் நெறம் வரோணும். இப்ப கண்ணாடிங்க இது. பொட்டு வெச்ச சுத்திய இன்னிக்கு எடுக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்."

"பூஜைக்கு மட்டும் குடுங்கண்ணா. நாளைக்குக் கொண்டாந்து தந்தர்றேன்."

"வேலைக்குக் குடுத்துறாதீங்க."

"தெரியாதா எனக்கு?"

தெரியாதா எனக்கு என்றேன். அப்படியே சொன்னேன்.

கொண்டுவந்து இரண்டு பக்கமும் மறைகிற மாதிரி சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் வைத்தேன். அரைகுறை ஆயுதத்தைச் சாமி முன்னால் வைக்கவே கூடாது என்பது அவர் கட்டளை. வைத்தது தெரிந்தால் நல்ல நாளில் வசவு. அதனால் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் எடுத்து ஒளித்துவிடலாம் என்று இருந்தேன்.

விஜயதசமிக்கு நல்ல நேரம் சீக்கிரம் வந்துவிட்டது. நான் அடுப்பில் இருந்தேன். பூசின சந்தனத்தைத் துடைக்காமல் முதல் வேலை தொடங்க வேண்டும், முதல் சீவலைச் சாமிக்கு வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பொட்டு வைத்த அலகில் அரம் போட மாட்டார்கள். அதனால்தான் அவர் போட்டுப் பார்க்கவில்லை. அதனால்தான் என்னைக் கேட்டார்.

"ஏ புள்ள, பச்சமுத்து பதம் பாத்துத்தான குடுத்தான்?"

நான் "ம்" என்றேன்.

ஒரு எழுத்து. மத்தியானம் எடுத்துக்கலாம்னு நெனச்சேன். மெல்ல ரெண்டு சீவல் எடுத்து வெச்சுட்டு எந்திரிச்சிருவாருன்னு நெனச்சேன். அய்யோ, அவரு என்னிக்கு மெல்லத் தள்ளுனாரு?

மூன்றாவது சீவலில் கணு. அலகு உடைந்து கை வழுக்கி, துண்டு பெருவிரல் அடியில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டார். மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினேன். "திருஷ்டி கழிஞ்சுது போ" என்று சிரித்தார். எட்டாம் நாள் தாடை இறுகிவிட்டது. பத்தாம் நாள் அவர் இல்லை.

சரவணமுத்து உடைந்த வாயைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "கண்ணாடியாட்டம் ஒடஞ்சிருக்கு, பதம் எறக்காமக் குடுத்திருக்கான் பாவி." சாவு வீடு முழுக்கக் கேட்டது. பந்தலுக்குக் கீழே பச்சமுத்து நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மார்கழி 20, வியாழன்

இன்றைக்குச் சொல்லலாம் என்று பட்டறை வாசல் வரை போனேன். "என்ன அண்ணி, வெல்லம் தீந்துபோச்சா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெல்லம் இருக்கிறது.

மார்கழி 24, திங்கள்

மூன்றாவது குதிரைப் பட அலகைப் பூட்டப் போனான். பொறுக்காமல் அரத்தை எடுத்துக்கொண்டு போய் இழுத்துப் பார்த்தேன். கடித்தது.

"இது மழுங்கீரும் சாமி."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? அரம் போட்டுப் பாத்தா மட்டும் ஆச்சா? ஊருக்கெல்லாம் அலகு பாத்துக் குடுத்த எங்கண்ணனே, தன்ற அலகப் பாக்காமத்தான பூட்டுனாரு. அந்த அவசரம் எதுக்கு? அவரும் பாத்திருக்கோணும்."

அவரும் பாத்திருக்கோணும்.

இத்தனை நாள் பச்சமுத்து மேல் பழி. இப்போது அவர் மேலும். செத்தவர் வந்து, இல்லை, நான் கேட்டேன், இவள்தான் ம் என்றாள் என்று சொல்லவா போகிறார்?

மார்கழி 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவன் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து உலைக்குப் போனதிலிருந்து எல்லாம் சொன்னேன். அவன் இழைப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நிறுத்தவில்லை. பலகை காகிதம் மாதிரி ஆகும் வரை இழைத்தான். பிறகுதான் கேட்டான்.

"ஏன் அண்ணன்கிட்டச் சொல்லல?"

"திட்டுவாருன்னு."

"திட்டுவாருன்னா..."

எழுந்து ஆற்றுப் பக்கம் போனான். வசந்தாமணி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். பலகையை எடுத்து ஓரம் வைத்தாள்.

அடி விழுந்திருந்தால் தேவலை.

மார்கழி 26, புதன்

கோயிலில் எல்லா ஆசாரிமாரையும் கூட்டி, பச்சமுத்து மேல் தப்பில்லை என்றும் தான்தான் தெரியாமல் பழி சொல்லிவிட்டதாகவும் சரவணமுத்து சொன்னானாம். யார் மேல் தப்பு என்று கேட்டார்களாம். எங்கள் வீட்டுத் தப்பு என்றானாம். என் பேரைச் சொல்லவில்லை. வசந்தாமணி வந்து சொன்னாள்.

இரண்டு வேளையும் சோறு வந்தது. அவன் குரல் வரவில்லை.

மார்கழி 28, வெள்ளி

தாலி இழந்தவள் வருஷம் திரும்பும் வரை அடுத்தவர் வாசல் மிதிக்கக் கூடாது. மிதிக்கவில்லை. உலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பச்சமுத்து சாமான் கட்டிக்கொண்டிருந்தார். துருத்தியைக் காணோம், பரமத்தி வேலூர்க்காரன் ஒருவனுக்குப் போய்விட்டதாம்.

"அண்ணா, ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. இனி வேலை வரும். போகாதீங்க."

"வரும் அம்மிணி. நேத்தே ரெண்டு பேரு வந்தாங்க. துருத்தி இல்லாம நானு என்ன, வாயிலயா ஊதறது?"

சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

"அன்னிக்கே ஏனுங்கண்ணா சொல்லல?"

"குழந்தைவேலுவ எடுத்துட்டுப் போற நேரம். நீங்க தாலி போயி நிக்கறீங்க. அப்ப நானு வாயத் தொறந்தா உங்கள அந்த ஊட்டுல வெச்சிருப்பாங்களா? ஒல இல்லீன்னா எனக்கு மில்லு இருக்குது. உங்களுக்கு எது இருக்குது?" மூட்டையின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "நானும் குடுத்திருக்கக் கூடாதுங்க. பூஜைன்னு சொன்னதும் கை நீண்டுபோச்சு" என்றார்.

பாவாயி உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. வர வேண்டும் என்று நான் எப்படி நினைக்கலாம்.

தை 3, செவ்வாய்

பச்சமுத்து வண்டி போய்விட்டது. சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை.

விக்கிரம வருஷம், புரட்டாசி 25, வியாழன்

ஒன்பது மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை. வசந்தாமணி மூலமாகத்தான் எனக்கும் அவனுக்கும் பேச்சு. "அண்ணி சாப்பிட்டாங்களா கேளு." அவளிடம் கேட்பது என் காதில் விழும். அவ்வளவுதான்.

இன்றைக்கு ஆயுத பூஜை. வெங்கடாசலம் மேட்டூரிலிருந்து தேங்காய் நாரில் சுற்றின பொட்டணம் ஒன்று கொண்டுவந்தார். ஐந்து காடி அலகு. பச்சமுத்து அங்கே மில் உலையில் ஓய்வு நேரத்தில் அடித்ததாம். ஒரு துண்டுக் காகிதத்தில், "அம்மிணி பார்த்து எடுக்கட்டும். சந்தேகமானதைத் திருப்பி அனுப்பவும்."

சரவணமுத்து காகிதத்தைப் படித்தான். பிறகு ஐந்து அலகையும் அவருடைய பழைய அரத்தையும் கொண்டுவந்து என் அறை வாசற்படியில் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டான்.

ஒன்பது மாதமாக அரத்தைத் தொடாத கை. ஒவ்வொன்றாக இழுத்தேன். பூனை நாக்கு. பூனை நாக்கு. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஐந்தாவது கொஞ்சம் வழுக்கினது போல் இருந்தது. மறுபடி இழுத்தேன். நல்லதாகவும் இருக்கலாம். என் கைதான் மறந்திருக்கலாம்.

வசந்தாமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்து காத்து நின்றாள். பட்டறையிலிருந்து அவன் குரல். அண்ணி என்று கூப்பிடவில்லை. யாரிடமோ கேட்பது போல,

"பதம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு," என்றேன். "நாலுதான். ஒண்ணு சந்தேகம்."

வசந்தாமணி நான்குக்கும் பொட்டு வைத்துவிட்டு ஐந்தாவதைக் காட்டி, "இதுக்குங்க அக்கா?" என்றாள்.

இதுக்கு வேண்டாம் என்றேன். நாரில் சுற்றித் தனியே வைத்தேன்.