பதினான்கு பேருக்கு ஒரே பதில்

6-8-2024, செவ்வாய்
நர்ஸ் தமிழ்மணி வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை நம்மூரில் கேன்சர் பரிசோதனை முகாமாம். நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு மார்பு, கர்ப்பப்பை இரண்டும் பார்ப்பார்கள். மகளிர் குழு நோட்டை நான் வைத்திருக்கும் சுத்தத்தைப் பார்த்து, "பேரு எழுதறது நீங்கதாங்க்கா" என்றாள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இது பெரிசு. இடம் கேட்டாள். அம்மன் கோயில் மண்டபம் என்றேன். ஆடி வெள்ளி, கூழ் ஊற்றுகிற நாள், எல்லாரும் எப்படியும் வருவார்கள். காலனிக்காரர்களும் வருவார்களா என்றாள். வருவாங்க என்றேன்.

9-8-2024, வெள்ளி
அம்மன் புண்ணியத்தில் நல்லபடி முடிந்தது. கூச்சப்பட்டவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நாற்பத்தொரு பேர். கூழ் ஊற்றும் வேலையில் நான்தான் பரிசோதனை செய்துகொள்ளவில்லை.

10-8-2024
பட்டியலில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்றாள் தமிழ்மணி. வராத காலனிப் பெண்கள் பதினான்கு பேருக்கும் ஓட்டர் லிஸ்ட்டைப் பார்த்து வயதைப் போட்டு, 'விருப்பமில்லை' என்று எழுதி முடித்தேன். கையெழுத்தைப் பாராட்டினாள்.

3-2-2025, திங்கள்
காலனிச் செல்லி மூன்று நாளாகக் கொல்லைக்கு வரவில்லை. இருபது வருஷமாக நமக்குக் களை எடுப்பவள். தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கர்ப்பப்பையில் கேன்சர், முற்றிவிட்டது என்கிறார்கள்.
என்னிடமிருந்த பட்டியல் நகலை எடுத்துப் பார்த்தேன். செல்லி, வயது 61. என்னைவிட ஏழு வயது பெரியவளா? இத்தனை நாளும் வா, போ என்றுதானே கூப்பிட்டேன்.

7-2-2025, வெள்ளி
செல்லியின் மகள் வெண்மதி வந்தாள். ஓசூரில் கம்பெனி வேலை. வாசலிலேயே நின்றாள். முன்னால் ஏதாவது பரிசோதனை செய்ததுண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். தமிழ்மணியிடம் போய் என் பட்டியலைச் செல்போனில் படம் பிடித்து வந்திருக்கிறாள்.
"எங்கம்மா விருப்பமில்லைன்னு எப்பங்க சொன்னாங்க?"
ஆள் அனுப்பினேன் என்றேன்.
"யாரைங்க?"
இவர் உள்ளிருந்து வந்து, அவங்களே வராததுக்கு இவ என்ன பண்ணுவா என்றார். வெண்மதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கோயிலுக்குள்ள வெச்சுட்டு, வரலைன்னு எழுதிக்கிட்டீங்க. நல்லா இருக்குதுங்க உங்க எழுத்து." போய்விட்டாள்.

8-2-2025
நேற்று சொன்னது பொய். அன்றைக்கு இந்த நோட்டில்கூட எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.
ஆடி வெள்ளியன்று செல்லி வந்திருந்தாள். மதிலுக்கு வெளியே தூக்குப்போசியோடு நின்றாள். கூழ் ஊற்றியது நான்தான். உள்ளே டாக்டரம்மா எதுக்கு வந்திருக்காங்க என்று கேட்டாள். பொம்பளைங்களுக்கு ஏதோ டெஸ்ட்டு என்று சொல்லிவிட்டு அடுத்த போசிக்கு நகர்ந்துவிட்டேன்.
ஏன் சொல்லலை? சொன்னா உள்ளே வரட்டுமா என்பாள். வந்தால் ஊரில் பேச்சு வரும் — இவ்வளவுதானா? இவ்வளவுதான். காலனிக்காரங்க கோயிலுக்குள்ள வர மாட்டாங்கன்னு எனக்கு இடம் சொல்லும்போதே தெரியும்.
சாமி ரூமுக்குள் போக முடியவில்லை. மருமகளை விளக்கேற்றச் சொன்னேன்.

12-2-2025, புதன்
தமிழ்மணியிடம் எல்லாம் சொன்னேன். பதினான்கையும் அடித்து 'கேட்கவில்லை' என்று எழுதித் தருகிறேன் என்றேன். அனுப்பிய பட்டியலை மாற்ற முடியாது, இன்னொரு முகாமுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாள். "இந்தத் தடவ இடத்த நீங்க சொல்லாதீங்க்கா."
ஆஸ்பத்திரிக்கும் போனேன். என்னைக் கண்டதும் செல்லி எழுந்து உட்காரப் பார்த்தாள். படுத்திருங்க என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்பவே கொஞ்சங்கொஞ்சம் ரத்தம் பட்டுக்கிட்டு இருந்துச்சும்மா. வெளிய சொல்ல வெக்கம். அதான் டாக்டரம்மா எதுக்குன்னு உங்களக் கேட்டேன்."
திட்டியிருக்கலாம்.

20-2-2025
செல்லியைச் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். கரண்ட் வைக்கிறார்களாம், ரேடியேஷன்.

21-3-2025, வெள்ளி
காலனிப் பள்ளிக்கூடத்தில் முகாம். வெண்மதி லீவு போட்டு வந்து பெயர் எழுதினாள். மீதிப் பதிமூன்று பேரும் வந்தார்கள். இரண்டு பேரை மேற்கொண்டு பார்க்கணும் என்றார் டாக்டர். ஊர்த்தெருவில் போன தடவை விட்டுப்போனவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் அங்கெல்லாம் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். நான் கிளம்பியபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நான் போய்க் கடைசியில் நின்றேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்க நினைத்தேன். வெண்மதி நிமிராமல் பெயர் கேட்டாள், வயது கேட்டாள். எழுதிக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.
"டெஸ்ட்டு பாத்துக்கறதுக்கு உங்களுக்குச் சம்மதங்களா?"
நான் வாய் திறக்கிற வரைக்கும் பேனாவைத் தாளில் வைக்காமல் காத்திருந்தாள்.