ஒரே லேப்டாப்பில் தனிக்குடித்தனம்

ஜூன் 4

கீழ்மாடியில் இணையதளம் செய்துதரும் அலுவலகத்துக்கு ஆள் வேண்டுமாம். அதை நடத்தும் அக்கா படிக்கட்டில் அம்மாவை நிறுத்திப் பேசினார். "பத்தாவதோட நின்னா என்ன? சர்டிபிகேட் எல்லாம் வேண்டாம். சின்னதா ஒரு தளம் செஞ்சு, அவ மெஷின்லயே ஓடவிட்டுக் காட்டட்டும். இந்த மாசத்துக்குள்ள."

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். அக்காவுக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 6

அம்மாவின் எம்பிராய்டரிக்குத்தான் தளம். பூவையும் நூல் நிறத்தையும் தேர்ந்தெடுத்தால் துணியில் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும்.

எதில் செய்வது? இருப்பது ஒரே லேப்டாப், அண்ணன் பழசாக்கி அம்மாவிடம் தள்ளியது. அதில் விண்டோஸ். சர்வர், டேட்டாபேஸ், பிரவுசர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் விசிறி அலறுகிறது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கிறேன்.

ஜூன் 7

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் இந்த மெஷினுக்குச் சுமை குறையும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். ஆனால் அம்மாவின் டிசைன் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டவும் வழி இருக்கிறது. இளைத்த கழுதைக்கு இன்னொரு மூட்டையா? மேக் பற்றி யோசிக்கவில்லை. விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

லேப்டாப்பை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, அம்மா பாதியில் விண்டோஸும் என் பாதியில் லினக்ஸும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே, "ஒரே வீட்டுல தனிக்குடித்தனமா? சரி. என் பக்கம் ஒரு பூ உதிர்ந்தாலும் பாத்துக்க" என்றாள்.

ஜூன் 9

அம்மாவின் டிசைன்களை எல்லாம் முதலில் பென் டிரைவில் ஏற்றிவைத்தோம். லினக்ஸை நிறுவும்போது ஒரு கேள்வி வந்தது: முழுவதையும் அழிக்கவா, பக்கத்தில் சேர்க்கவா? இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்று. அண்ணன் காதருகே குனிந்து, "நீ தப்பா அமுக்கினேன்னு வை, அம்மா நம்ம ரெண்டு பேரையும் சேத்துவச்சு தைச்சிருவாங்க" என்றான்.

சரியாகத்தான் அமுக்கினேன்.

ஜூன் 10

காலையில் அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் லினக்ஸா விண்டோஸா என்று கேட்டிருக்கிறது. அவள் கவனிக்காமல் விட, என் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. "என் பூவெல்லாம் எங்கடி?"

மன்னிப்புக் கேட்டு, எதையும் அமுக்காவிட்டால் அம்மா பக்கமே திறக்கும்படி மாற்றிவைத்தேன். என் பக்கத்துக்குப் போக நான்தான் அம்புக்குறியைத் தட்ட வேண்டும்.

ஜூன் 12

விசிறிச் சத்தமே இல்லை. தட்டினால் வருகிறது.

ஜூன் 21

தளம் முடிந்தது. நேரில் போகாமலே காட்ட வழி இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்? பிரவுசரின் மேல்பட்டியில் இருந்த முகவரியை — லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்குவதை — அப்படியே கீழ்மாடி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். படிக்கட்டு மிச்சம்.

ஜூன் 22

பதில் வந்தது. "திறந்தேன். நான் பாதி செஞ்சு வச்சிருக்கற என்னோட தளம்தான் வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. உன்னோடதை எப்பப் பாக்கலாம்?"

ஐயோ. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'திறக்கிற இந்த மெஷினே' என்றுதானே அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? அக்காவை அவர் வீட்டு விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறேன். பட்டால்தானே புரிகிறது எனக்கு.

அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். இனி நேரில்தான் போக வேண்டும். வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அங்கேயும் ஒட்டிக்கொண்டால்?

ஜூன் 23

போனேன். பதற்றத்தில் அம்புக்குறியைத் தட்ட மறந்துவிட்டேன். அம்மா பக்கம் திறந்தது, திரை முழுக்கக் குழந்தைச் சட்டைக்கான ரோஸ் நிற யானைகள்.

"இதுதான் தளமா?"

"இல்ல அக்கா, இது அம்மா பக்கம்."

அணைத்து மறுபடி போட்டேன். அது திறப்பதற்குள், "எதுக்கு ரெண்டு?" என்றார். சொன்னேன். அம்மாவின் மென்பொருளை, விசிறியை, ஏன் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கவில்லை என்பதை, பென் டிரைவை. நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் குரல்தானா அது?

"பேசவே மாட்டாள்னாங்களே உங்கம்மா."

"கேட்டா பேசுவேன் அக்கா."

தளம் திறந்தது. மஞ்சள் பூவைத் தேர்ந்தெடுத்துப் பச்சைத் துணியில் வைத்துப் பார்த்தார். நிறத்தை மாற்றினார், மறுபடி மாற்றினார். பிறகு, "திங்கக்கிழமை வந்துரு" என்றார்.

ஜூலை 6

மதிய இடைவேளை. கீழ்மாடியிலிருந்து எழுதுகிறேன். எனக்கென்று ஒரு மெஷின். எது போடட்டும் என்று கேட்டார்கள், லினக்ஸ் என்றேன். அடுத்த மேசைக்குக் கேட்கும்படியே.

இனி வீட்டு லேப்டாப் முழுவதும் அம்மாவுக்குத்தானே, என் பாதியை அழித்தால் அவள் டிசைனுக்கு இடம் கிடைக்கும் என்று காலையில் சொன்னேன்.

அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கிடையாதே, எங்க உக்காருவ?"