மிளகு யார் பறித்தார்கள்?

நேற்று கொல்லிமலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்துக்கொண்டாள். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. முள்ளுக்குறிச்சியில், மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நீ. ஆனால் மலை ஏறினால் வளைவுக்கு வளைவு வாந்தி. "அடியே, இந்தப் பாவம் உன்னைச் சும்மா உடாது" என்று என்னைத் திட்டிக்கொண்டே வருவாய். போகலாம் என்று அடம் பிடித்ததே நீதான். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

நாம் இருவரும் இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல்களாக இருந்த தொண்ணூறுகளின் கடைசி அது. வருஷ முடிவில் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நான் வழக்குப் பதிவேட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'முடிந்தது' என்று சிவப்பு மையில் எழுதி, என் கையெழுத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"முடிஞ்சது நமக்கா, அவங்களுக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தீர்ப்பு வாங்கிக் குடுத்தாச்சு. அப்புறம் ஊடு ஊடாப் போயி எட்டிப் பாக்கறதா நம்ம வேலை?" என்றேன். நீ சத்தமே போடவில்லை. "ஒரே ஒருத்தரைப் பாத்துட்டு வரலாம், வா. அதுக்கப்புறம் நீ என்ன வேணாலும் எழுதிக்கோ" என்றாய்.

அந்த ஒருத்தர், கொல்லிமலை மேலே திருப்புலி நாட்டுச் செல்லாயி. புருஷன் இறந்த பிறகு, அவன் பங்கு மிளகுத் தோட்டத்தையும் கொழுந்தனாரே வைத்துக்கொண்டிருந்தார். மக்கள் நீதிமன்றத்தில் நாம்தான் பேசி முடித்தோம். பாதித் தோட்டம் அவளுக்கு என்று ஒப்புக்கொண்டு அவரே கைநாட்டு வைத்தார். என் பதிவேட்டில் இதைவிட அழகான 'முடிந்தது' கிடையாது.

மலையேறி அவள் வீட்டுக்குப் போனோம். நானாக இருந்தால் ஒப்பந்தப் பேப்பர் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். நீ அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "போன தடவை மிளகு யாருங்க பறிச்சாங்க?" என்று கேட்டாய்.

"அவருதானுங்க" என்றாள் செல்லாயி.

கதவோரம் துணிமூட்டை கட்டி வைத்திருந்தாள். கொடியில் மறுபடியும் மிளகு பழுக்கத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவையும் கை வைக்க முடியாவிட்டால், இரண்டு பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"பேப்பர்தான் கையில இருக்குதே, போயிப் பறிக்க வேண்டியதுதானே?" என்று நான் எகிறினேன்.

"ஊர்ல சொல்லலைங்களே, வக்கீலம்மா. சொல்லாத தோட்டத்துல ஏணி போட்டா, திருட வந்தவளுன்னு சொல்லிப்புடுவாங்க."

கொழுந்தனாரைத் தேடிப் போனோம். அவரும் அதையேதான் சொன்னார். "கைநாட்டு வெச்சது வெச்சதுதானுங்க. ஆனா ஊருக்குச் சொல்லாம தோட்டத்தை உட்டா, கோர்ட்டுக்குப் பயந்து உட்டான்னு பேசுவாங்கல்ல?"

அங்கே எந்தப் பேச்சும் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டும் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழுந்தால்தான் முடிந்த பேச்சு. அது நமக்குத் தெரியாததா? ஒப்பந்தம் ஆன அன்று, "இனி ஊர்க்கூட்டமெல்லாம் வேண்டாம், கோர்ட்டு சொன்னாப் போதும்" என்று இருவரிடமும் பெருமையாகச் சொல்லி அனுப்பியவள் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ என்னைக் குத்திக்காட்டவில்லை. செல்லாயியிடம் மட்டும், "கூட்டம் வெக்கச் சொல்லட்டுங்களா? உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாய். அவள் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் கோயில் முன்னால் ஊர் கூடியது. பேப்பரை என் கையில் கொடுத்து, "நீயே படி" என்றாய். படித்தேன். "ஊருக்குச் சொல்ல வேண்டாம்னு நான்தானுங்க தப்பாச் சொல்லிட்டேன்" என்பதையும் சொன்னேன். ஊர்க்கவுண்டர் சிரித்துவிட்டு, "இப்பச் சொல்லிட்டீங்கல்ல, போதும்" என்றார். கொழுந்தனார் எழுந்து, "அண்ணி, நாளைக்குக் காத்தால ஏணியைக் கொண்டாந்து வெக்கறேன்" என்றார். செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துணிமூட்டையை அன்றே அவிழ்த்துவிட்டாள்.

திரும்பி வந்து சிவப்பு எழுத்துகளையெல்லாம் அடித்தேன். பக்கத்தில் 'போய்க் கேட்டது' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டோம். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கைக்கு வந்து சேர்ந்ததை மட்டும் முடிந்ததாக எழுதினோம். அந்த வருஷம் நம் அறிக்கையில் முடிந்த வழக்குகள் பாதியாகக் குறைந்துபோயின. மேலதிகாரி கூப்பிட்டு, "மத்தவங்கெல்லாம் எவ்வளவு காட்டியிருக்காங்க, நீங்க ஏம்மா இப்படி?" என்று கடிந்துகொண்டார். "அவங்க எழுதினாங்க சார், நாங்க போயிக் கேட்டோம்" என்றாய். எனக்குப் பயம்தான். ஆனாலும் உன்னை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து இத்தனை வருஷமும் நாம் சேர்ந்தே போய்க் கேட்டு வந்தோம். போன மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று உன்மேல் கோபம்தான் வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் "தவறிட்டாங்க" என்று மென்று விழுங்கிச் சொல்லிவந்தேன்.

நேற்று செல்லாயியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட மட்டும் சொன்னா ஆகாதுங்க. ஊர்ல சொல்லோணும்" என்றாள்.

சாயங்காலமே கூட்டம் கூட்டினார்கள். அதே கோயில் முன்னால் நின்றேன். "என்னோட வந்துட்டிருந்த வக்கீலம்மா செத்துப் போயிட்டாங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நீ செத்துப்போனது எனக்கே உறைத்தது. அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலையும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். போன வருஷம்தான் நம் மூலமாக ஜீவனாம்சத் தீர்ப்பு வாங்கியவள். "அப்ப எங்க ஊட்டுக்கு வந்து யாருங்க கேப்பாங்க?" என்றாள்.

"நான் வாரேனுங்க" என்றேன்.

"கேட்டுக்கிட்டோமுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

இனி பின்வாங்க முடியாது. வருகிற செவ்வாய்க்கிழமை அவள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.