பாதி விலைப் படகு

மார்ச் 3, ஞாயிறு

குளத்தில் இன்றும் குட்டிப் பாய்மரப் படகுப் பந்தயம். நாலாம் மாடி பால்கனியிலிருந்து பாய்கள் திரும்புவது நன்றாகத் தெரியும். கரையில் ஆளுக்கொரு ரேடியோ பெட்டியுடன் நிற்பார்கள். படகை ஓட்ட மோட்டார் கிடையாது. காற்று தள்ளும், இவர்கள் பாயையும் சுக்கானையும் தூரத்திலிருந்தே திருப்புவார்கள். நாளெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு, மேலும் கீழும் போகாத ஒன்றைப் பார்ப்பதே சுகம்.

கீழே போய் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரிடம் விலை கேட்டேன். குளத்தில் அவர்தான் ராஜா. புதுப் படகு என் இரண்டு மாதச் சம்பளம். "பாய் தனி, தம்பி," என்றார்.

மார்ச் 4

மனைவியிடம் பேச்சை எடுத்தேன். கையில் இருப்பது குளியலறைக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்யச் சேர்த்த பணம். "பாத்ரூம்லயே தண்ணி நிக்குதுல்ல, அங்கயே விடுங்க." பேச்சு முடிந்தது.

மார்ச் 9, சனி

பழைய சாமான் கடையில் ஒரு பழைய ரேடியோ பெட்டி, கூட சுக்கானைத் திருப்புகிற ஒரு குட்டி மோட்டார். சல்லிசு. பெட்டியின் முதுகில் 9 என்று ஒட்டியிருக்கிறது. யானை வாங்கினவன்தான் அங்குசம் தேடுவான். நான் அங்குசத்தை முதலில் வாங்கிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

பால்கனியில் ஸ்டூல் போட்டு மோட்டாரை இணைத்தேன். பெட்டியிலுள்ள குச்சியை இடது பக்கம் தள்ளினேன், மோட்டார் திரும்பியது. கீழே முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரர் படகும் இடது பக்கம் திரும்பியது. காற்று என்று நினைத்தேன். வலது பக்கம் தள்ளினேன். படகும் வலது — நேரே போய்ச் சிமெண்ட் படியில் மோதியது. பாய்மரம் முறிந்து சாய்ந்தது இங்கிருந்தே தெரிந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

குளத்தங்கரை மரத்தில் ஒரு பலகை தொங்கும். அதில் அலைவரிசை எண் போட்ட கிளிப்புகள். பழைய ரேடியோக்காரர்கள் தங்கள் எண்ணை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு பேர் போட்டால் ஒருவர் படகு இன்னொருவர் பேச்சைக் கேட்கும். இப்போது எல்லோரும் புது ரேடியோவுக்கு மாறிவிட்டார்கள். அதில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் பழசை விடவில்லை. அவர் சட்டையில் எப்போதும் ஒன்பது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பால்கனியும் கரையில் சேர்த்தி என்றுதான் தோன்றவில்லை.

மார்ச் 11

வேலை. மூன்று லிஃப்ட். அவரிடம் போகவில்லை.

மார்ச் 14, வியாழன்

அவரே போன் செய்தார். படகை ஒட்டி, புதுப் பாய்மரம் நட்டுத் தருகிறாராம். பாதி விலை. ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கை சொன்ன பேச்சு கேக்கல தம்பி. நேரா பிடிச்சேன்னு நினைக்கிறேன், படகு எங்கயோ போகுது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இனிமே நான் தண்ணி பக்கம் வரல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

மார்ச் 15

பாதி விலை என்றதும் மனைவியின் முகம் மாறியது. மனக்கணக்குப் போட்டாள். கூரையில் ஒழுகும் பக்கத்தை மட்டும் இப்போது பார்த்துக்கொண்டால் இரண்டுக்கும் போதுமாம். "சரி, வாங்கிக்கோங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. எடுத்துத் தின்ன வேண்டியதுதானே? ஏன் முழிக்கிறேன்?

மார்ச் 16, சனி

பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். என் கண்ணாடி மூக்கில் நழுவுவதைப் பார்த்தார். பழக்கதோஷம், கழற்றி வாங்கி, திருப்புளியைக் கையில் எடுத்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டு, கடையில் வேலை செய்யும் அம்மாவிடம் கண்ணாடியை நீட்டினார்.

"திருகாணிய நான் தொடறதில்ல இப்ப. யார் கண்ணாடியையாவது கீறி வச்சிடுவேன்."

அவர் கையைப் பார்த்தேன். மேசை மேல் இருந்தது. நடுங்கவே இல்லை. ஐயோ, இந்த மனுஷன் கடையையே மூடிடுவார் போலிருக்கே — சொல்லிவிட்டேன். பெட்டி, பால்கனி, ஒன்பது, எல்லாம்.

பிறகு, "நாளைக்குக் காலைல பால்கனில நில்லு. நான் கை தூக்கினதும் சுவிட்ச் போடு," என்றார். பணத்தை நீட்டினேன். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஒட்டுப் போட்ட படகு தண்ணீரில். அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். இடது பக்கம் தள்ளினேன். படகு இடது. வலது. படகு வலது.

கரையிலிருந்த தலைகள் எல்லாம் சேர்ந்து என் பால்கனியைப் பார்த்தன. மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையதற்குக் கப்பல் தேவைப்படவில்லை, ஒரு மீட்டர் படகே போதுமாக இருந்தது. இந்தத் தடவை உள்ளே போகவில்லை. நின்றேன். அவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல," என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, அவர் கை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பந்தயத்தில் அவர்தான் முதல். நான் வணக்கம் சொன்னேன். அது மட்டும் அவர் காதில் விழவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

படகு வாங்கிவிட்டேன். அதே படகு.

அவர் புதுசு வாங்கிவிட்டார், புது ரேடியோவும். பழசு விற்பனைக்கு என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒட்டுப் போட்ட படகுக்குப் புதுப் படகின் விலை சொன்னார். அன்றைக்குப் பாதி என்றீர்களே அண்ணே என்றேன்.

"அது கை போச்சுன்னு நினைச்சு சொன்னது. இப்ப என் கைக்கு என்ன கேடு?"

கொடுத்தேன். ஒதுக்கிய பாதி இருந்தது. மீதி, இரண்டு மாதம் ராத்திரி லிஃப்ட் அழைப்புகளுக்கும் ஓடிச் சேர்த்தது. காய்கறிக்காரரிடம் தினமும் மல்லுக்கு நிற்பவர் இங்கே மட்டும் வாயைத் திறக்கவில்லையாக்கும் என்று மனைவி இன்னும் முணுமுணுக்கிறாள்.

முதல் பந்தயம். பலகையிலிருந்து ஒன்பதை அவரே எடுத்து என் சட்டையில் மாட்டினார். கடைசியாக வந்தேன். குனிந்து படகைத் தூக்கும்போது கண்ணாடி மறுபடி நழுவியது. "கொண்டா," என்று வாங்கி, பையிலிருந்து திருப்புளியை எடுத்து, நின்ற இடத்திலேயே திருகாணியை இறுக்கிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.