பாத்திரக் கடை ஆட்டோவில் உன் குரல்

ஆடிப் பௌர்ணமி என்பதால் இன்று விடியும்போதே செங்கம் ரோட்டில் கூட்டம். வாசலில் கோலத்துக்குக் குனிந்திருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவுக்குள் திரும்பியது.

"கிரிவலம் முடிச்ச கையோட நம்ம பாத்திரக் கடைக்கும் ஒரு எட்டு வாங்கம்மா..."

உன் குரல். தையில் கண்ணை மூடியவள் நீ, ஆடித் தள்ளுபடிக்குக் கூப்பிடுகிறாய். போன வருஷம் பதிவு செய்ததையே இப்போதும் போடுகிறார்கள். ஆட்டோ போன பிறகும் கோலமாவைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

அதைப் பதிவு செய்த அன்று நானும் உன்னோடு வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த சின்ன அறை. சத்தம் வருமென்று ஃபேனை நிறுத்தியதில் வியர்த்து ஊற்றியது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்தாய்.

"விலைய மட்டும் சொன்னா யாருடி வருவா? முதல்ல கொஞ்சணும். அப்புறம், நாளைக்குக் கிடைக்காதுன்னு பயமுறுத்தணும். அதுக்கும் அசையலன்னா அண்ணாமலையாரக் கூப்பிட வேண்டியதுதான்."

நான் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "சாமி பேரச் சொல்லி குக்கர் விக்கிறியே, பாவமில்லையாடி?"

"உங்க வீட்டுக்காரர மலையப் பாத்து சத்தியம் பண்ண வச்சு பீடிய விட வச்சது யாரு? நீ பண்ணா பக்தி, நான் பண்ணா பாவமா?"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பொட்டலம் கட்டி வந்த தாளையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். அன்றிலிருந்து டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலும், ஓட்டுக் கேட்டு யாராவது பேசினாலும், இது கொஞ்சல், இது மிரட்டல் என்று தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. தெரிந்தும் அந்த சோப்பைத்தான் வாங்கினேன். மாசக் கணக்கு எழுதும்போது, ஏன் வாங்கினோம் என்று எனக்கே புரியாது.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் மகள் அழுது பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உன் காலைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினேன். விட்டால் முற்றிவிடும் என்றேன். பெண்ணின் கல்யாணத்தை யார் நின்று நடத்துவது என்றேன். கார்த்திகை தீபத்தன்று உன்னை மலைக்கு முன்னால் நிறுத்துவதாகச் சாமியிடம் வேண்டியிருக்கிறேன் என்றேன். நடுவில் பேச்சு அறுந்துபோய், உன் பாதத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ திரும்பிச் சிரித்தாய். "மூணையும் போட்டுட்டியா? இனிமே ரெக்கார்டிங்குக்கு உன்னையே அனுப்பிடறேன்."

"விளையாடாதடி. வர்றியா, இல்லையா?"

"வர்றேன். நீ சொன்னதுக்காக இல்ல. நடுவுல உனக்குப் பேச்சு வரல பாரு, அதுக்காக."

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. தீபமும் பார்த்தாய். அப்புறம் வலி திரும்ப வந்து, தையில் போய்விட்டாய். வலி ஜாஸ்தியான நாட்களில்கூட, ஏன்டி ஒத்துக்க வச்ச என்று நீ கேட்கவில்லை. அறுக்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாயோ, இல்லை, அந்த ஜோதியைக்கூடப் பார்க்காமல் போயிருப்பாயோ? அன்று நீ சொன்ன பதில் நிஜமா? இல்லை, பாரம் என்மேல் விழக் கூடாது என்று, பேசத் தெரிந்தவள் பேசியதா? மலையைச் சுற்றினாலும் இது கூடவே நடந்து வருகிறது. ஒன்றும் தெளியவில்லை.

மதியம் உன் மகள் வந்தாள். அவளும் ஆட்டோவைக் கேட்டிருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது.

"பெரியம்மா, அம்மா உங்க பேச்சக் கேட்டுத்தான ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாங்க?"

"இல்லம்மா. அவளா எடுத்த முடிவு."

"நிஜமாவா?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் மடியிலேயே தூங்கிப்போனாள். நம்பிவிட்டாள் போலிருக்கிறது.

சாயந்தரம் விளக்கேற்றிவிட்டு, உன் மகளிடம் நான் சொன்னது பொய்யா என்று சாமியைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.