எல்லோரும் மாமா

2.5.2004, பழனிசெட்டிபட்டி
ஈப்போவிலிருந்து கடல் தாண்டி வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. விடுமுறை முழுக்க இந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுவரை பேன் பார்த்ததுதான் அதிகம். காலையில் எங்கள் ஊர் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் கூட்டமாகச் சிரிக்கிறார்கள்.

ஜக்கம்மா மட்டும் சிரிப்பதில்லை. பதினான்கு வயது. ஜூனில் பத்தாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மா அன்னத்தாய் மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார்.

5.5
வெயில். எழுத ஒன்றுமில்லை.

9.5, ஞாயிறு
வீட்டார் வந்து பார்க்கும் நாள். பொறுப்பாளர் மகிமா அக்கா மதுரைக்குப் போயிருந்தார். முப்பது வயதிருக்கும் ஒருவர் கண்ணாடி வளையலோடு வந்தார். ஜக்கம்மாவுக்கு மாமன் என்றார். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். எங்கள் ஊரில் ரொட்டிக்கடைக்காரர் வரை எல்லோரும் மாமாதான். "உட்காருங்க மாமா" என்றேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜக்கம்மா நகரவில்லை. "அக்கா, மாமன் வந்திருக்கு" என்றாள்.

"மாமாதானே? போயிட்டு வா."

போனாள்.

மகிமா அக்கா வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "இங்கன மாமன்னா கட்டிக்கிற மொறைம்மா. ரெண்டு வருசமா பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கான்."

என்னா செஞ்சு வச்சிருக்கேன் நான். எதிரில்தானே நின்றாள் — முகத்தைப் பார்க்கக்கூடவா தெரியாது?

10.5
சின்னமனூரிலிருந்து ஜீப்பில் மலையேறினோம். திருவிழாவுக்கு அல்ல, அம்மாவின் எஸ்டேட் லயத்து வீட்டுக்குத்தான் ஜக்கம்மாவைக் கொண்டுவந்திருந்தார்; அங்கே பரிசத்தட்டு தயாராக இருந்தது. அன்னத்தாய் என்னைக் கைகாட்டினார். "ஒங்க டீச்சரே அனுப்பி வச்சாகளே." மகிமா அக்கா சட்டம் பேசினார். நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டையும் யாரும் காதில் வாங்கவில்லை.

ஜக்கம்மா எழுந்து அந்த ஆளுக்கு எதிரே வந்து நின்றாள். "நான் படிக்கணும். விட்ருங்கண்ணே."

அண்ணே. மாமனைப் பார்த்து. அன்னத்தாய் அவளைக் கன்னத்தில் அறைந்தார். அந்த ஆள் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். "அண்ணன்னு சொல்லிட்டா. இனிக் கட்டுனா ஊரே காறித் துப்பும்."

ஜீப்பில் அவளே ஏறிக்கொண்டாள். அன்னத்தாய் வெளியே வரவில்லை.

13.6, ஞாயிறு
பள்ளி திறந்தாயிற்று. இன்றும் எல்லோருக்கும் ஆள் வந்தது. அன்னத்தாய் அதன்பிறகு வரவேயில்லை. ஜக்கம்மா வாசலைப் பார்த்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாளை எனக்கு விமானம் என்றேன். தலையாட்டினாள்.

"ஒங்க ஊர்ல எல்லாரையும் மாமான்னா கூப்புடுவீக?"

"ஆமா."

"யாரும் பயப்பட மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"நல்ல ஊரு" என்றாள்.